அச்சம் வழங்கும் தீர்ப்பு

(கண்டி நகரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொள்ளைநோய் ஒன்று நாட்டினுட் புகுந்த காலத்தில் மக்களின் மனம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அரசியல் மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நோயை ஆராய்வது வைத்தியரின் தொழில். மனத்தை ஆராய்வது உளநூல் வல்லாரின் தொழில். சட்டம் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் கூறும் மறுமொழி இது. அச்சம் ஒரு சமூகத்தைப் பிடித்துக்கொண்டால், அங்கே ஒரு நீதிமன்றம் தானாகவே கூடிவிடுகின்றது. குற்றச்சாட்டு உண்டு, சாட்சிகள் உண்டு, தீர்ப்பும் தண்டனையும் உண்டு. விசாரணை மட்டும் கிடையாது. விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கும் மன்றம் எங்கே கூடினாலும், அதனை எதிர்த்து எழுந்து நிற்பது நம் தொழிலின் முதற் கடமை.

2020ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் இலங்கையில் முதலாவது கொரோனா நோயாளி அடையாளங் காணப்பட்டார். அவர் சீனாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அதனை உலகு தழுவிய கொள்ளைநோய் என அறிவித்தது. மார்ச் 20ஆம் நாள் தீவு முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் 16,000க்கு மேற்பட்டோர் அந்நோயினால் மாண்டனர் என்று அரசாங்கக் கணக்குகள் கூறுகின்றன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டெம்பர் மாதங்களில் ஒரே நாளில் இருநூறுக்கு மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்ட நாட்களும் இருந்தன. இக்கணக்குகள் யாவரும் அறிந்தவை. ஆனால் அந்நாட்களில் மக்களின் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை. அந்தக் கணக்கையே நாம் இங்கு ஓரளவு பார்க்க விரும்புகின்றோம்.

மூன்று கேள்விகள்

பேரிடர் வந்தவுடன் மனித மனம் மூன்று கேள்விகளை எழுப்புகின்றது. இது ஏன் வந்தது? யாரால் வந்தது? எப்பொழுது நீங்கும்? இம்மூன்றுக்கும் மறுமொழி கிடைக்காவிடின் மனம் அமைதி கொள்ளாது. விஞ்ஞானமோ மெல்ல நடப்பது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகக்கவசம் எல்லோருக்கும் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே உலகின் பெரிய நிறுவனங்கள் ஒரு மாதம் ஒன்றும் மறு மாதம் இன்னொன்றும் கூறின. இதனை நாம் குற்றமாகக் கூறவில்லை. அறியாததை அறிந்துகொள்ளும் வழி அதுதான். ஆனால் பசித்தவன் நெல் விளையும்வரை காத்திரான். கையில் அகப்பட்டதை உண்பான். அச்சங்கொண்ட மனமும் அப்படியே அகப்பட்ட விளக்கத்தை உண்டுவிடுகின்றது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவிய செய்தி வந்தது. உடனே நாடெங்கும் மக்கள் மீன் வாங்குவதை நிறுத்தினர். கடற்றொழிலாளர் பிடித்த மீனுக்கு விலையில்லை. நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் நிலை ஏற்பட்டது. நோய் பரவியது சந்தையில் நெருங்கி நின்ற மனிதரின் மூச்சினால். தண்டனை பெற்றது மீன். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கின்றீர்கள். குற்றவாளிக் கூண்டில் மீன் நின்றால் சிரிக்கலாம். மனிதர் நின்றால் என் செய்வது? அதற்குப் பின்னர் வருவோம்.

எப்பொழுது நீங்கும் என்ற கேள்விக்கும் விடைகள் பிறந்தன. நம் வீடுகளிற் கொத்தமல்லி அவித்துக் குடித்தோம், ஆவி பிடித்தோம், வாயிலில் வேப்பிலை கட்டினோம். இவற்றை எள்ளி நகையாட நாம் முன்வரோம். செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது, கைக்கு ஒரு வேலை கிடைத்தால் நெஞ்சின் நடுக்கம் சற்றே அடங்கும். அவ்வளவில் அது நன்று. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் கேகாலையில் நிகழ்ந்தது வேறு. தேனும் சாதிக்காயும் கலந்த பாணி மருந்தொன்று நோயைத் தடுக்கும் என்றும், அதனைக் காளிதேவி அருளினாள் என்றும் ஒருவர் கூற, ஆயிரக்கணக்கானோர் அதனைப் பெறுவதற்கு முண்டியடித்து நின்றனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பலரறியப் பருகினார். அதற்கு முந்திய மாதம் அவரே மந்திரித்த நீர்க் குடங்களை ஆற்றில் இட்டவர். 2021 ஜனவரியில் அவரையும் அந்நோய் பற்றியது. அவர் பிழைத்தெழுந்தது எல்லோர்க்கும் மகிழ்ச்சியே. வரிசையில் நின்ற ஏழை மக்களை நாம் குறை கூறோம். உண்மையை எடுத்துரைக்க வேண்டிய ஆசனத்தில் இருந்தவர் உண்மையை எடுத்துரைக்கவில்லை என்பதே நம் குறை.

அம்மாள் வந்த வீடு

நம் முன்னோர் கொள்ளைநோயை எவ்வாறு விளங்கிக் கொண்டனர் என்பதை இனிப் பார்ப்போம். அம்மை கண்ட வீட்டில் ‘அம்மாள் வந்திருக்கின்றாள்’ என்றனர். வாயிலில் வேப்பிலை செருகினர். அயலார் உள்ளே வாரார். வீட்டார் வெளியே திரியார். நோயாளியைத் தனியே கிடத்தி, வேப்பிலையால் வருடி, குளிர்ந்த உணவு கொடுத்தனர். நோய் இறங்கியபின் நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்தனர். அத்தோடு அவர் மீண்டும் ஊராருள் ஒருவரானார். மலைநாட்டுத் தோட்டங்களிலே மாரியம்மன் கோவில் இல்லாத தோட்டம் அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். காடு வெட்டவும் கோப்பி நடவும் வந்த மக்கள், பயணத்தில் தம் உறவினரை இழந்தவர்கள், முதலில் நட்ட கல் அந்தத் தாயின் கல்தான்.

இவ்வழக்கத்தில் இருந்த நுட்பத்தைக் கவனியுங்கள். நோயாளி குற்றவாளியல்லர், தெய்வம் எழுந்தருளிய உடலுக்கு உரியவர். அவரைத் தனிமைப்படுத்தினர், ஆனால் அவமதிக்கவில்லை. நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. நோயாளிக்கு ஒரு மதிப்பு இருந்தது. துன்பம் முடிந்தது என்று ஊரறியக் கூறுவதற்கு ஒரு சடங்கும் இருந்தது. 2020ஆம் ஆண்டில் வீட்டுக் கதவிலே அறிவித்தல் ஒட்டினர். அதே கதவுக்கு முன்னர் வேப்பிலை செருகிய காலமும் இருந்தது. இரண்டும் உள்ளே வராதே என்றே கூறின. ஆனால் முன்னது வணக்கத்தைக் கேட்டது. பின்னது வெறுப்பைக் கிளறியது. நோய் தீர்ந்து திரும்பியவரைக் கண்டு தெருவில் ஒதுங்கிச் சென்றவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சு அறியும்.

இதனைக் கொண்டு பழமை முழுவதும் நன்றென்று நாம் வாதிக்கவில்லை. அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்து வைத்த தாய்மாரும் அக்காலத்தவரே. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரகடனஞ் செய்தது. அதனை ஒழித்தது அம்மைப்பால்தான். ஆகவே உடலுக்கு விஞ்ஞானம் வேண்டும். ஆனால் விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு சேர்க்கும் முறையில், அந்தப் பழைய மதிப்பும் மரியாதையும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் முழுப்பயன் தராது.

கண்ணகியின் வழக்கு

இந்நகரிலே தலதா மாளிகைக்கு அருகில் பத்தினி தேவாலயம் இருக்கின்றது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்குவது நம் கண்ணகியையே. கிழக்கிலங்கையிலே வைகாசி மாதத்தில் கண்ணகையம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு செய்கின்றனர். தொற்றுநோயும் வறட்சியும் நீங்க இரு இன மக்களும் ஒரே பெண் தெய்வத்தை நோக்கிக் கைகூப்புகின்றனர். ஆண்டுதோறும் நடைபெறும் எசல பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் ஒன்று. பெருந்திரள் கூடும் அவ்விழா 2020இலும் 2021இலும் தெருவோரங்களில் மக்களின்றி நடந்தது. நோய் நீக்கும் தெய்வத்தின் ஊர்வலத்தையே நோய்க்கு அஞ்சி மக்கள் பாராதிருந்தனர்.

அந்தத் தெய்வத்தின் கதையைச் சட்டக் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள். கோவலன்மீது சிலம்பைத் திருடினான் என்ற குற்றஞ் சாட்டப்பட்டது. சாட்டியவன் பொற்கொல்லன், உண்மைத் திருடனும் அவனே. மன்னன் விசாரிக்கவில்லை. கோவலன் கொலையுண்டான். கண்ணகி அரசவைக்குச் சென்று சிலம்பை உடைத்துச் சாட்சியம் காட்டினாள். விசாரணையற்ற தீர்ப்பொன்றினால் மன்னன் மாண்டான், மாநகர் எரிந்தது. இது யாவரும் அறிந்த பகுதி.

அதன்பின் நிகழ்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் அம்மையும் தொடர்ந்தன. அப்பொழுது கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழா எடுத்தான் என்றும், பின் மழை பெய்து துன்பம் நீங்கியது என்றும் அந்நூல் கூறுகின்றது. இலங்கைக் கயவாகு மன்னன் கோவில் எடுத்த செய்தியும் அங்கேயே உண்டு. குற்றம் இழைத்தவன் ஒரு பொற்கொல்லன். பலியானோர் ஆயிரவர். அந்த ஆயிரவர் செய்த குற்றம் யாது? அவனுடைய சாதியிற் பிறந்தது ஒன்றுதான். விசாரணையற்ற தீர்ப்பை எதிர்த்து வழக்குரைத்த பெண்ணின் பெயராலேயே விசாரணையற்ற தீர்ப்பு ஆயிரம் மடங்காக வழங்கப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்து மனம் எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நமக்கு வேண்டியதில்லை.

ஆறு வற்றிய ஆண்டு

இனி நம் பாட்டன்மார் கண்ட கொள்ளைநோய்க்கு வருவோம். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை மலேரியாக் காய்ச்சல் தாக்கியது. ஏறத்தாழ 80,000 மக்கள் இறந்தனர். கேகாலை, குருநாகல் பகுதிகள் பெரும் அழிவைக் கண்டன. கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளும் தப்பவில்லை. மழை மிகுந்தால் நுளம்பு மிகும். நுளம்பு மிகுந்தால் காய்ச்சல் மிகும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் 1934இல் நிகழ்ந்தது அதற்கு எதிர்மாறு. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. பாறையிடுக்குகளிலும் மணற்குழிகளிலும் தேங்கிய தெளிந்த நீரில் அந்நுளம்பு பெருகியது. நெருங்கிய ஊர்களெல்லாம் ஆற்றோரத்தில் இருந்தன. வறட்சியினால் விளைவும் குன்றியிருந்தது. பசித்த உடலைக் காய்ச்சல் எளிதில் வென்றது.

அக்காலத்தில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் மருந்தும் உணவும் கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினர். இது கன்மவினையன்று, கிரகக் கோளாறுமன்று. நுளம்பும் வறுமையும் சேர்ந்து செய்த கேடு என்று மக்களுக்கு விளக்கினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரேரா ருவான்வெல்லையிலும் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றி பெற்றனர். அவர்களுடைய கொள்கையை ஏற்பதோ மறுப்பதோ வேறு விடயம். நாம் கற்க வேண்டியது இது: அச்சம் நிறைந்த வீட்டின் வாயிலுக்கு மருந்தோடும் உண்மையோடும் எவர் செல்கின்றாரோ, அவரையே மக்கள் நம்புவர். எவரும் செல்லாவிடின் வதந்தி செல்லும்.

அந்நோயும் ஒழிந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. அத்தோடு கவனம் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் காய்ச்சல் மீண்டும் பரவியது. பின்னர் பல்லாண்டு உழைத்து, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றினை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். அச்சம் நீங்கியவுடன் மறந்துவிடுவதும் மனத்தின் இயல்பு. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவில் நம் தோட்டங்களில் மாண்டோரை இன்று நினைவுகூர்வார் எவருமில்லை. அச்சத்தில் அறிவிழப்பதும், அச்சம் நீங்கியபின் நினைவிழப்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

நாம் கூண்டில் நின்ற காலம்

இங்கு கூடியுள்ளோரிற் பலர் மலைநாட்டுத் தமிழர். உங்கள் மூதாதையர் மன்னாரில் இறங்கி, காடுகளினூடே நடந்து, மாத்தளை வழியாகக் கண்டி மலைகளை அடைந்தனர். வழியில் வாந்திபேதியால் மாண்டோர் பலர். அவர்களுடைய எலும்புகளின் மேலேயே அந்தப் பாதை கிடக்கின்றது. அக்காலத்தில் அவர்களைப் பற்றி நாட்டிலே நிலவிய பேச்சு யாது? நோயைக் கொண்டுவருவோர் என்பதே. நோயினால் மாண்டவர்களே நோய்க்குக் காரணம் என்று குற்றஞ் சாட்டப்பட்டனர். பின்னர் மண்டபம் முகாமிலே அவர்களை நாட்கணக்கில் அடைத்து வைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர். பட்டினியாலும் நெருக்கத்தாலும் அசுத்த நீராலும் நோய் வந்தது. அந்தப் பட்டினியையும் நெருக்கத்தையும் உண்டாக்கியவர்கள்மீது ஒருவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

இதனை ஏன் நினைவூட்டுகின்றோம்? 2020 மார்ச் மாத இறுதியில், இந்நகருக்கு வடக்கே மாத்தளை வீதியில் உள்ள அக்குறணை முற்றாக மூடப்பட்டது. நோயாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால் ஓர் ஊரை மூடுவது சுகாதார நடவடிக்கை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் எழுந்த பேச்சு சுகாதாரப் பேச்சன்று. ஒரு நோயாளியின் பெயரால் ஒரு சமயத்தவர் முழுவதும் நோய் பரப்புவோர் எனப்பட்டனர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 2018 மார்ச்சில், திகனையிலும் தெல்தெனியாவிலும் அக்குறணையிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதைக் கண்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய நெஞ்சில் அன்று எத்தனை அச்சம் இருந்திருக்கும்? நோய் ஓர் அச்சம். அயலான் இன்னோர் அச்சம். நம் தமிழ் நண்பர்களிற் சிலரும் அந்தப் பேச்சுக்குச் செவிசாய்த்தனர் என்பதை மறைத்துப் பயனில்லை. வாந்திபேதி கொண்டுவந்தவர் என்று பழிசுமந்தோரின் பேரப்பிள்ளைகள் அவ்வாறு செய்தல் தகுமா?

கிணறும் நிலத்தடி நீரும்

அடுத்து உடல்களை எரித்த விடயம். 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வெளியான வர்த்தமானி, இந்நோயினால் இறந்த எவருடைய உடலும் எரிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. புதைத்தாலும் எரித்தாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. நிலத்தடி நீரிலே கிருமி கலந்துவிடும் என்பது இங்கு கூறப்பட்ட காரணம். முஸ்லிம் மக்களும் பிறரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். டிசம்பர் முதலாம் நாள் அம்மனுக்கள் விசாரணைக்கு எடுக்கப்படாது தள்ளுபடியாயின. பிறந்து இருபது நாளேயான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரத்தைக் காட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கஞ் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஐரோப்பிய வரலாறு படித்தோர் இதில் ஒரு பழைய குரலைக் கேட்பர். 1348ஆம் ஆண்டளவில் அங்கே கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற வதந்தி எழுந்தது. 1349 பெப்ரவரியில் ஸ்திராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர் எரிக்கப்பட்டனர். அன்றைய பாப்பரசர் ஆறாம் கிளமெந்து அவர்களுக்காகப் பரிந்து கட்டளை விடுத்தார். அவர் காட்டிய நியாயம் மிக எளிது. யூதரும் இதே நோயினால் மடிகின்றனர். யூதர் வாழாத நாடுகளிலும் இந்நோய் உண்டு. ஆகவே அவர்கள் காரணராதல் எங்ஙனம்? நல்லதொரு வாதம். ஆனால் அச்சம் வாதத்தைக் கேட்பதில்லை. அன்று கிணறு; இன்று நிலத்தடி நீர். இடையே ஏறத்தாழ 670 ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

இறந்தோரை வழியனுப்பும் உரிமை முஸ்லிம் மக்களுடைய பிரச்சினை மாத்திரமன்று. அக்காலத்தில் நம்மவர் எத்தனை பேர் தாயின் முகத்தை இறுதியாகப் பாராதிருந்தனர்! மூடிய பெட்டி மருத்துவமனையிலிருந்து மயானத்துக்கு நேரே சென்றது. ஒப்பாரி இல்லை, வாய்க்கரிசி இல்லை, பலர் கருமாதியும் முறைப்படி செய்யவில்லை. இறந்தவர் இறந்துவிட்டார் என்பதை மூளை எளிதில் அறியும்; நெஞ்சு அறிவது சடங்கின் வழியாகவே. ஊர் கூடி அழுவதும், எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் உறவினர் வந்து உடனிருப்பதும் வெறும் சம்பிரதாயங்களல்ல. துக்கத்தைச் சிறிது சிறிதாக இறக்கி வைப்பதற்கு முன்னோர் கட்டிய படிகள் அவை. படிகள் இல்லாத இடத்தில் சுமை தலையிலேயே தங்கிவிடுகின்றது. இன்றும் சில வீடுகளில் அது தங்கியிருக்கின்றது.

சட்டமும் மொழியும்

இந்நாட்டிலே தொற்றுநோய்க் காலத்தில் அரசாங்கம் கையிலெடுக்கும் சட்டம் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். பம்பாயிலே பிளேக்கு நோய் பரவிய காலத்தில் பிறந்த சட்டம் அது. அதே ஆண்டில் இந்தியாவிலும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. பூனா நகரில் அதிகாரி ராண்டு சிப்பாய்களைக் கொண்டு வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டார். நோயைத் தடுக்கும் நோக்கம் தவறன்று. ஆனால் மக்கள் அதனை மானபங்கமாகவே உணர்ந்தனர். 1897 ஜூன் 22ஆம் நாள் அவர் சுடப்பட்டார். நம் நாட்டிலும் 2020இல் நோய்த்தடுப்பு நடவடிக்கை நிலையத்தின் தலைமையில் இராணுவத் தளபதியே இருந்தார். தடுக்கவும் அடைக்கவும் அதிகாரம் தருவது எளிது. ஏன் அடைக்கின்றோம் என்று விளக்கிச் சொல்லும் பொறுப்பை எவர் ஏற்பது?

விளக்கமில்லாத அடைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிறைச்சாலைகள் காட்டின. 2020 நவம்பரில் இந்நகரின் போகம்பரைப் பழைய சிறையில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த கைதிகள் தப்பியோட முயன்றனர், ஒருவர் உயிரிழந்தார். அம்மாத இறுதியில் மஹரைச் சிறையில் எழுந்த கலவரத்தில் பதினொருவர் மாண்டனர். தோட்டங்களின் நிலையோ வேறுவிதமானது. வீட்டிலேயே இருங்கள் என்று நாட்டுக்குக் கூறிய காலத்திலும் கொழுந்து பறிக்கும் வேலை நிற்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்துக்கு, ஒருவரையொருவர் விலகியிருங்கள் என்ற அறிவுரை வழங்கப்பட்டது. மரக்கறி பயிரிட்டோர் விளைந்ததை விற்க வழியின்றி நிலத்திலேயே அழுக விட்டனர். கண்டி நகரின் தெருக்கள் வெறிச்சோடிய நாட்களிலும் அவற்றைக் கூட்டியவர்கள் கூட்டிக்கொண்டேயிருந்தனர். விலகியிருத்தல் என்பது இடமுள்ளவனுக்கே இயலும். இடமில்லாதவனிடம் அதனைக் கேட்டால், அவன் செய்யாத குற்றத்தையும் அவன்மீது சுமத்துவதாகும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறுகின்றது. நோய் பற்றிய அறிவித்தல் தோட்டத்துத் தாய்க்குத் தமிழில் உரிய நேரத்தில் எட்டாவிடின், அந்த வெற்றிடத்தை வதந்தி தமிழில் நிரப்பிவிடும். வதந்திக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஆகவே மொழியுரிமை என்பது படிவம் நிரப்பும் உரிமை மாத்திரமன்று. ஆபத்து வேளையில் அது உயிர்காக்கும் உரிமை.

நாம் செய்ய வேண்டியவை

அன்பர்களே! குறை கூறிவிட்டுக் கலைந்து செல்வதற்காக நாம் இங்கு கூடவில்லை. நம் கையில் உள்ளவை மூன்று.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் கிராமத்திலும் அந்நோயினால் இறந்தோரின் பெயர்களை எழுதுங்கள். கோவிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ ஒருநாள் கூடி அப்பெயர்களை வாசியுங்கள். செய்யாது விட்ட கருமாதியை ஊராகச் சேர்ந்து செய்யுங்கள். காலங்கடந்த சடங்கு என்று எவரும் கருத வேண்டாம். துக்கத்துக்குக் காலாவதிச் சட்டம் கிடையாது.

இரண்டாவது, தோட்டந்தோறும் ஊர்தோறும் மக்களால் நம்பப்படும் ஒருவரை இப்பொழுதே தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியராகவோ, மருத்துவத் தாதியாகவோ, தொழிற்சங்கத் தலைவராகவோ அவர் இருக்கலாம். சுகாதார அதிகாரி கூறுவதைத் தமிழில் விளங்கவைப்பதும், மக்கள் கேட்பதை அதிகாரியிடம் கொண்டுசெல்வதும் அவர் பணி. நோய் வந்தபின் நம்பிக்கையை உண்டாக்க முடியாது. நாற்றை வெள்ளம் வருமுன் நட்டு வேரூன்றச் செய்ய வேண்டும் என்பதை உழவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, இன்னாராலேயே நோய் வந்தது என்று எவரேனும் கூறினால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கண்டவர் யார்? சான்று எங்கே? அவர்களும் இதே நோயினால் மடிகின்றார்களா? அவர்கள் இல்லாத ஊரில் நோய் இல்லையா? நீதிமன்றத்தில் ஒரு கோழித் திருட்டு வழக்குக்குக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு சமூகத்தின்மீது கொலைப்பழி சுமத்தும்போது இவற்றைக் கேளாது விடுவது எவ்வாறு நியாயமாகும்?

இன்னொரு கொள்ளைநோய் வராதென்று எவரும் உறுதி கூற முடியாது. அது வரும்போது அச்சமும் வரும். அச்சப்படுவது குற்றமன்று; உயிருள்ள எதுவும் அஞ்சும். ஆனால் அச்சத்தை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்துவது குற்றம். அந்த ஆசனத்தில் உண்மை அமரட்டும். விசாரணை கேட்டு அரசவைக்குச் சென்ற ஒரு பெண்ணை நம் இரு இனத்தவரும் தெய்வமாக வணங்குகின்றோம். அவளை வணங்குவோர் விசாரியாது எவரையும் தண்டித்தல் ஆகாது.